தெரிந்த முகத்தைப் பார்த்துக் குரைப்பது

வணிகவியல் படித்த யாரைக் கேட்டாலும் ஒரு வாக்கியத்தைத் தூக்கத்திலும் சொல்வார்கள்: ஆடிட்டர் என்பவர் காவல் நாய், மோப்ப நாய் அல்ல. பக்கத்திலேயே ‘கிங்ஸ்டன் பருத்தி ஆலை வழக்கு, 1896’ என்று எழுதி அடிக்கோடிட்டால் மார்க் உறுதி. அந்த ஆலை எங்கே இருந்தது, அங்கே என்ன காணாமல் போனது, நீதிமன்றத்துக்குள் நாயைக் கூட்டி வந்தவர் யார் என்பதையெல்லாம் வினாத்தாள் கேட்பதில்லை. கேட்டிருந்தால் பலருக்கு அந்த வாக்கியத்தின் மேலேயே சந்தேகம் வந்திருக்கும்.

ஆலை இருந்தது இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், ஹல் துறைமுக நகரில். அதன் மேலாளர் பெயர் ஜாக்சன். ஆண்டு முடிவில் கிடங்கில் பஞ்சு எவ்வளவு, நூல் எவ்வளவு, அவற்றின் மதிப்பு எவ்வளவு என்று அவர் ஒரு சான்று எழுதிக் கொடுப்பார். இருந்ததைவிடக் கூட்டி எழுதினார். சரக்கிருப்பு கூடினால் கணக்கில் லாபம் கூடும். லாபம் கூடினால் பங்குதாரருக்கு டிவிடெண்ட் போகும். இல்லாத லாபத்துக்கு டிவிடெண்ட் கொடுத்தால் அது முதலிலிருந்துதான் போக வேண்டும். சில ஆண்டுகள் அப்படியே போயிற்று. ஆடிட்டர்கள் கிடங்குக்குள் எட்டிப் பார்க்கவில்லை. ‘மேலாளரின் சான்றுப்படி’ என்று பேலன்ஸ் ஷீட்டில் குறித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். தொடக்க இருப்போடு வாங்கியதைக் கூட்டி, விற்றதைக் கழித்துப் பார்த்திருந்தால் கணக்கு உதைப்பது தெரிந்திருக்கும். அதற்குக் கிடங்குக்குப் போகக்கூட வேண்டாம். கையில் இருந்த புத்தகங்களே போதும்.

ஆலை நொடித்தது. வழக்கு வந்தது. ஆடிட்டர்கள் நஷ்டத்துக்குப் பொறுப்பு என்றார் முதலில் விசாரித்த நீதிபதி. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. அந்த அமர்வில் இருந்த லோப்ஸ் என்ற நீதிபதிதான் நாயைக் கொண்டுவந்தார். ஆடிட்டர் துப்பறிவாளராக இருக்க வேண்டியதில்லை, எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்ற முடிவோடு வேலையைத் தொடங்க வேண்டியதும் இல்லை, நிறுவனம் நம்பி வைத்திருக்கும் பழைய ஊழியர்களின் சொல்லை அவரும் நம்பலாம் என்பது தீர்ப்பின் சாரம். சந்தேகப்பட இடம் கொடுக்கும்படி ஏதாவது கண்ணில் பட்டால் மட்டும் அடிவரை தோண்டிப் பார்க்க வேண்டும்.

ஆடிட்டரின் கடமைக்கு ஓர் எல்லை போடத்தான் லோப்ஸ் அந்த உவமையைச் சொன்னார். ஆனால் அவர் நினைத்ததைவிட உவமை கச்சிதமாகப் பொருந்திவிட்டது. பால்காரரைப் பார்த்து நாய் முதல் வாரம் குரைக்கும், அடுத்த வாரம் உறுமும், மூன்றாம் வாரம் வாலாட்டும். அதன் அறிவெல்லாம் தெரிந்தவர், தெரியாதவர் என்ற ஒற்றைக் கோட்டில் நிற்கிறது. நல்லவர், கெட்டவர் என்ற கோடு அதற்குத் தெரியாது. பீரோ சாவி கொத்தோடு இடுப்பில் தொங்க, வீட்டு மனிதரே பணத்தை எடுத்துக்கொண்டு புறக்கடை வழியாகப் போனால் நாய் வாசல்வரை கூடவே போய் வழியனுப்பிவிட்டு வரும். ஜாக்சன் வீட்டு மனிதர். ஹல் நகரத்து நாய் குரைக்காததில் வியப்பொன்றும் இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு இடிக்கிறது. அரசாங்கத்தை, பெரிய நிறுவனத்தை, அதிகாரியைக் கண்காணிக்கிறவர்களை நாம் காவல் நாய் என்கிறோம். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பத்திரிகைகளைப் பொதுமக்களின் காவல் நாய் என்று பல தீர்ப்புகளில் சொல்லிவிட்டது. இவர்கள் யாரைப் பார்த்துக் குரைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமோ, அவர் வேலி தாண்டி வந்த அந்நியர் அல்லர். சாவி வைத்திருப்பவர். பல சமயம் சோறு வைப்பவரும் அவர்தான். எந்தக் குணத்துக்காக நாயைக் கொண்டாடுகிறோமோ, அந்தக் குணம் இந்த வேலைக்கு நேர் எதிரி.

உண்மையான காவல் நாய்க்கு நம் ஊரிலேயே கல் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூர். அங்கே கிடைத்த நடுகல் முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமை மந்தையைக் காக்கும் பூசலில் கருந்தேவகத்தி என்ற வீரன் விழுந்தான். கல்லில் அவன் வில்லோடு நிற்க, அவனோடு ஒரு நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதைக் கல்வெட்டு பெயர் சொல்லிப் பதிவு செய்கிறது. மனிதர்களில் எத்தனையோ பேருக்குப் பெயர் மிஞ்சாத காலத்தில் ஒரு நாயின் பெயர் மிஞ்சியிருக்கிறது. எத்தனைமுறை நினைத்தாலும் அலுக்காத செய்தி இது. ஆனால் கோவிவனுக்கு வேலை எளிது. மாடு ஓட்ட வந்தவர்கள் வேற்றூர்க்காரர்கள். அவர்களுடைய வாடையே வேறு. கருந்தேவகத்தியே பக்கத்து வீட்டு எருமையை இரவில் அவிழ்த்து ஓட்டியிருந்தால் கோவிவன் என்ன செய்திருக்கும்? கூடவே ஓடி, மந்தையை ஒழுங்காக மடக்கிக் கொடுத்திருக்கும்.

கிரேக்கர்கள் இதை அறிந்திருந்தார்கள். பிளேட்டோ தன்னுடைய ‘குடியரசு’ நூலில் நகரத்தின் காவலர்கள் நல்ல ஜாதி நாயைப் போல இருக்க வேண்டும் என்கிறார்: தெரிந்தவரிடம் பணிவு, தெரியாதவரிடம் சீற்றம். சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்திலேயே அவருக்குப் பயம் வந்துவிடுகிறது. பசியாலோ கெட்ட பழக்கத்தாலோ நாயே ஓநாயாகி ஆடுகள்மேல் பாய்ந்தால்? அதற்கு அவர் கண்ட வழி சாப்பாட்டில் கைவைப்பது. காவலருக்குச் சொந்த வீடு கிடையாது, பொன் வெள்ளி கிடையாது, குடிமக்கள் கொடுக்கும் உணவு மட்டும் கூலி, அதையும் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பிளேட்டோவின் மற்ற யோசனைகளில் பல எனக்கு ஒட்டுவதில்லை. ஆனால் நாயைப் பற்றிப் பேசத் தொடங்கியவர் நேராகத் தட்டுக்கு வந்து நின்றது சரியான இடம்.

ஏதென்ஸ் நகரத்து அரசியல்வாதிகள் தங்களை மக்களின் நாய் என்று சொல்லிக்கொள்வது வழக்கமாக இருந்திருக்கிறது. டெமாஸ்தனிஸ் பெயரில் வழங்கும் ஒரு வழக்குரையில் இதற்குப் பதில் இருக்கிறது. ஆமாம், இவன் நாய்தான், ஓநாயைக் கடிக்காமல், தான் காப்பதாகச் சொல்லும் ஆட்டையே தின்கிற நாய் என்று. அதைவிடச் சுவையானது அரிஸ்டோபனிஸ் கி.மு. 422இல் மேடையேற்றிய ‘குளவிகள்’ நாடகம். அதில் ஒரு நாய்மேல் வழக்கு நடக்கிறது. சிசிலியப் பாலாடைக் கட்டியைத் திருடித் தின்றது என்பது குற்றச்சாட்டு. வழக்குத் தொடுத்து வாதாடுவதும் நாய்தான். அந்தக் காலத்து இரண்டு அரசியல் தலைகளைத்தான் கேலி செய்கிறார் என்பது பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். பாலாடைக் கட்டி சீவும் கருவி சாட்சிக்கு வருகிறது. குட்டிகள் நீதிபதிமுன் வந்து அழுகின்றன. இத்தனை கூத்துக்கும் நடுவே வழக்குத் தொடுத்த நாயின் ஆற்றாமை எது தெரியுமா? கட்டி திருடு போனது அதற்குப் பெரிதில்லை. திருடியவன் தனியாகத் தின்றான், கேட்டும் எனக்கு ஒரு துண்டு தரவில்லை என்பதுதான். நம்முடைய ஊழல் ஒழிப்பு மேடைகள் சிலவற்றைக் கேட்கும்போதெல்லாம் அந்த நாயின் குரல் எனக்குக் காதில் விழும்.

ரோமில் நாய்களுக்குப் பெரிய அவமானம் ஒன்று நடந்தது. மரபுப்படி கி.மு. 390இல் கௌல் இனப் படை இரவில் கேபிட்டோலியக் குன்றின்மேல் ஏறியபோது நாய்கள் சத்தம் காட்டவில்லை. ஜூனோ தெய்வத்தின் வாத்துகள்தான் கத்தி ஊரை எழுப்பின. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் ஒரு வாத்தைப் பல்லக்கில் வைத்து ஊர்வலம் விடுவார்கள், நாய்களைச் சிலுவையில் அறைவார்கள் என்று பழைய ஆசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தோப்பு வீட்டில் கினிக்கோழி வளர்க்கிறவர்களுக்கு இந்தக் கதை உடனே பிடிபடும். கினிக்கோழி திருடன் வந்தாலும் கத்தும், கொடுக்கல் வாங்கல் பேசச் சம்பந்தி வந்தாலும் கத்தும், தோப்புக்குச் சொந்தக்காரரே வந்தாலும் கத்தும். அதற்கு விசுவாசம் கிடையாது. கண்காணிப்பு வேலைக்கு விசுவாசமின்மை ஒரு தகுதி என்பது கொஞ்சம் சங்கடமான முடிவுதான், ஆனால் ரோமாபுரி வாத்துகள் அங்கேதான் கொண்டுபோய் விடுகின்றன.

அந்த நாய்களையும் வாத்துகளையும் பிறகு சிசரோ ஒரு கொலை வழக்கில் இழுத்தார். கி.மு. 80இல், இருபத்தாறு வயதுக்காரராக, தந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்காக வாதாடியபோது. ஊர்ச் செலவில் இவற்றுக்குத் தீனி போடுகிறோம், இரவில் யார் வந்தாலும் சத்தம் போடட்டும், தவறிப்போய்க் குரைத்தாலும் பாதகமில்லை, ஆனால் பட்டப்பகலில் சாமி கும்பிட வருகிறவர்களைப் பார்த்தும் நாய் குரைத்தால் அதன் காலை உடைக்க வேண்டும் என்கிற பொருளில் பேசினார். ஆதாரம் இல்லாமல் வழக்குப் போடுகிறவர்களுக்கான எச்சரிக்கை அது. யார் குரைக்கலாம், எப்போது குரைக்கலாம், எவ்வளவு சத்தமாக என்று இன்றும் நடக்கும் சண்டை அப்போதே தொடங்கிவிட்டது.

தென்தமிழகத்தின் ஊர்க்காவல் முறையை இந்த நாய்க் கதைகளோடு சேர்த்துப் பேசக் கூடாது. அது மனிதர்களின் ஒப்பந்தம். ஒரு நாணயத்துக்காகத்தான் அதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். விளைச்சலில் ஒரு பங்கைக் காவல்காரருக்கு ஊர் கொடுக்கும். அதற்கு ஈடாக, மாடு களவுபோனால் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் அதன் விலையைக் காவல்காரர் கொடுக்க வேண்டும். காவல் கூலி கொடுக்க மறுத்த ஊரில் களவு கூடும், துப்புக்கூலி கொடுத்தால் மாடு திரும்பி வரும் என்ற புகார்களும் கூடவே உண்டு. அவற்றை அதிகமாக எழுதி வைத்தவர்கள் அந்த முறையையே ஒழிக்க நினைத்த வெள்ளைக்கார அதிகாரிகள், ஆகவே பாதிக் கண்ணோடு படிக்க வேண்டும். எப்படியிருந்தாலும் ஈடு கொடுக்கும் ஏற்பாடு கூர்மையானது. காவல் தவறினால் நஷ்டம் காவல்காரருடையது. லோப்ஸின் காவல் நாய்க்கு அந்தத் தொல்லை இல்லை. ஆலை போனது, பங்குதாரர் பணம் போனது, ஆடிட்டருடைய கட்டணம் மட்டும் போகவில்லை.

தீர்ப்பு வந்து நூறாண்டுக்குமேல் ஆனபின், 2009 ஜனவரி 7ஆம் தேதி, சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பு 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்றது கடிதம். புலிமேல் சவாரி செய்துவிட்டு இறங்கத் தெரியாமல் தவித்ததாக அவர் சொன்னதைத்தான் பத்திரிகைகள் கொண்டாடின. எனக்கு அந்தப் புலியைவிட, பக்கத்தில் படுத்திருந்த பிராணியைப் பற்றித்தான் யோசனை. உலகப் பெயர் பெற்ற தணிக்கை நிறுவனத்தின் இந்தியக் கிளை ஆண்டுக்கு ஆண்டு அந்தக் கணக்கில் கையெழுத்துப் போட்டிருந்தது. ஹல் நகரத்தில் பஞ்சு மூட்டை, ஹைதராபாத்தில் வங்கி வைப்பு. மூட்டையையாவது எண்ண வேண்டும், வங்கிக்கு நேராக ஒரு கடிதம் போட்டால் போதும். யாரும் வெளியிலிருந்து மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். திருடியவரே வாய் திறந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

சட்டம் திருந்தாமல் இல்லை. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி பட்டியலிட்ட கம்பெனிகளில் ஒரே தணிக்கை நிறுவனம் தொடர்ந்து பத்தாண்டுக்குமேல் உட்கார முடியாது. ஒரு கோடியும் அதற்கு மேலும் மோசடி என்று தெரிந்தால் ஆடிட்டர் மத்திய அரசுக்கு எழுத வேண்டும். அவர்களை விசாரிக்க 2018இல் தனி ஆணையமும் வந்துவிட்டது. எல்லாம் நல்லதுதான். ஆனால் ஆடிட்டரை நியமிப்பது பங்குதாரர் கூட்டம், அந்தக் கூட்டத்தில் ஓங்கும் கை பெரும்பாலும் நிறுவனரின் குடும்பம், கட்டணம் வருவது கம்பெனிக் கணக்கிலிருந்து. பத்தாண்டுக்கு ஒருமுறை நாயை மாற்றுகிறோம். தட்டும் அதை வைக்கும் கையும் மாறுவதில்லை.

தட்டை மாற்றிப் பார்த்த முயற்சி நம் அரசியல் சட்டத்தில் இருக்கிறது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் சம்பளம் இந்தியத் தொகுப்பு நிதியின்மேல் சுமத்தப்படுகிறது. ஆண்டுதோறும் நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டுக் குறைக்க முடியாது. பதவி முடிந்தபின் மத்திய அரசிலோ மாநில அரசிலோ அவர் வேறு பதவிக்குப் போக முடியாது. நாளைய சோற்றுக்காக இன்று வாலாட்ட வேண்டாம் என்பதற்கான ஏற்பாடு. அரசமைப்பு அவையில் 1949 மே மாதம் அம்பேத்கர் இந்தப் பதவியைப் பற்றிப் பேசும்போது, அரசியல் சட்டத்திலேயே மிக முக்கியமான அதிகாரி இவராகத்தான் இருப்பார், நீதித்துறையின் கடமைகளைவிட இவருடைய கடமை பெரிது என்றார். அப்படிப்பட்டவருக்கு நீதித்துறைக்குக் கொடுத்த அளவு சுதந்திரத்தைக்கூடக் கொடுக்கவில்லையே, தன் ஊழியர்களைத் தானே நியமிக்கும் அதிகாரம் இல்லையே என்ற குறையையும் அதே பேச்சில் சொன்னார்.

இந்தத் தணிக்கையாளராலும் குரைக்கத்தான் முடியும். கடிக்கும் பல் நாடாளுமன்றத்தின் வாயில் இருக்கிறது. 2010இல் அவருடைய 2ஜி அலைக்கற்றை அறிக்கை 1.76 லட்சம் கோடி ரூபாய் இழப்பு என்ற எண்ணைச் சொன்னபோது நாடே எழுந்து உட்கார்ந்தது. 2012இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லோரையும் விடுவித்தது. அந்த அறிக்கை இரவுத் திருடனைப் பார்த்துக் குரைத்ததா, பகலில் கோயிலுக்கு வந்தவரைப் பார்த்துக் குரைத்ததா என்று டீக்கடையில் கேட்டால் இன்றும் கட்சிக்கு ஒரு பதில் கிடைக்கும். என் பங்குக்குச் சொல்வதானால், அந்த எண் ஓர் ஊகக் கணக்கு என்பதை இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் உரிமம் கொடுத்த முறையைப் பார்த்துக் குரைக்காமல் இருந்திருந்தால் அந்தப் பதவியே எதற்கு?

தமிழில் எந்தப் பத்திரிகையும் அந்த அதிகாரியை நாய் என்று எழுதாது. ‘கண்காணிப்பு அமைப்பு’ என்று மரியாதையாக எழுதிவிட்டுப் போகும். நாய் நம்மிடம் வசைச்சொல். சாமி முன்னால் மட்டும் பக்தர் தன்னை நாயேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டிலும் நாய்க்கு ஓர் எஜமான் இருந்தே ஆக வேண்டும். நாடாளுமன்றத்தில் ஒருமுறை இந்த வசையே திருப்பிக் கடித்தது என்று ஒரு கதை உண்டு.

1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா வியாபாரியின் கம்பெனிப் பங்குகளைச் சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. கழகத்தின் முதலீட்டுக் குழுவைக் கேட்கவில்லை. நாட்டுடைமையாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. பாலிசிக்காரர்களின் பணம். அந்த டிசம்பரில் மக்களவையில் அதைப் பிரித்துப் பரப்பியவர் பெரோஸ் காந்தி. எதிர்க்கட்சிக்காரர் அல்லர், ஆளுங்கட்சி உறுப்பினர். போதாததற்குப் பிரதமரின் மருமகன். இதைவிட உள்வீட்டு மனிதர் கிடைக்க மாட்டார். நிதியமைச்சர் நம் டி.டி.கிருஷ்ணமாச்சாரி, பெரோஸை மாமனாரின் மடிநாய் என்று யாரிடமோ சொன்னாராம். பெரோஸ் அவரிடமே நேரில் போய், நீங்கள் உங்களை இந்த நாட்டின் தூண் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், நாய் தூணுக்கு என்ன செய்யுமோ அதை இன்று நான் உங்களுக்குச் செய்யப் போகிறேன் என்றாராம். இப்படியே நடந்ததா, பின்னால் மெருகேறியதா என்று சத்தியம் செய்ய மாட்டேன். பேச்சு நடந்தது, கேள்விகள் பதிவில் இருக்கின்றன.

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா விசாரித்தார். விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. உள்ளே இடம் கிடைக்காத கூட்டத்துக்காக ஒலிபெருக்கி கட்ட வேண்டியிருந்தது. துறைச் செயலாளர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்று முடிவாயிற்று. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். முந்த்ரா சிறைக்குப் போனார்.

இவ்வளவுக்கும் பெரோஸுக்கு எந்தக் கண்காணிப்புப் பதவியும் இல்லை. தணிக்கை அதிகாரமும் இல்லை. நாடாளுமன்ற நூலகத்தில் உட்கார்ந்து கோப்புகளைப் படிக்கும் பழக்கம் இருந்தது, மாமனார் வீட்டில் தனக்கு என்ன ஆகும் என்ற கவலை குறைவாக இருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலில் அவருக்கு வரவேற்பு கூடவில்லை. 1960 செப்டம்பரில், நாற்பத்தெட்டு வயதை எட்டுவதற்குள், மாரடைப்பில் இறந்தார். டி.டி.கே. 1962இல் மீண்டும் அமைச்சரவைக்கு வந்தார். அடுத்த ஆண்டே நிதித்துறையும் அவரிடமே திரும்பி வந்தது.